ஆறு மாதம் நின்ற மோட்டார் ஏன் கிளம்ப மறுக்கிறது?

அண்ணன் மேற்படிப்புக்கு வெளியூர் போய்விட்டார். அவருடைய கப்சாய் மோட்டார் வீட்டு முன்புறத்தில் துணி போர்த்தி நிற்கிறது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் அப்பா சாவியைத் திருகி ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். “நல்லா ஓடின வண்டிதானே, என்ன ஆச்சு?” என்கிறார்.

இது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எத்தனையோ வீடுகளில் வாகனங்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. அப்போது பலரும் பார்த்த காட்சி இது. கப்சாய் என்றில்லை, சுற்றுலா இடங்களில் நீங்கள் ஏறி ஓட்டிய நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிக்கும், பாட்டி வீட்டில் கிடக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் கதை ஒன்றுதான். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே வகைச் சிறிய பெட்ரோல் இன்ஜின்.

வண்டி நிற்கும்போது எதுவும் நடக்கவில்லை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வேதியியலுக்கு விடுமுறை கிடையாது. பேட்டரிக்குள் வினை நடந்துகொண்டே இருக்கிறது. பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது, மிச்சம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. உலோகம் துருப்பிடிக்கிறது. குளவி கூடு கட்டுகிறது. இவற்றில் எது நம் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இதை ஊகத்தால் செய்பவர்கள் புது பேட்டரி, புது பிளக், புது கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவார்கள். கடைசியில் பத்து நிமிடத்தில் சுத்தம் செய்திருக்கக்கூடிய ஒரு துளைதான் காரணமாக இருக்கும். சோதித்துக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் செலவே இருக்காது.

இன்ஜினுக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். அந்தக் கலவை நன்றாக அமுக்கப்படவும் வேண்டும். ஏறத்தாழ 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்ற அளவில் கலந்து, பிஸ்டன் அதை அமுக்கி, சரியான நொடியில் பிளக் பொறி விட்டால் இன்ஜின் ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் இவற்றில் ஒன்று குறைகிறது.

ஆனால் இவற்றையெல்லாம் ஆராய்வதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பொத்தானை அழுத்தினால் இன்ஜின் சுழல்கிறதா, இல்லையா? சுழலவே இல்லை என்றால் சிக்கல் மின்சாரப் பக்கம். நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெட்ரோல், பொறி, காற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அதற்கும் முன்னால், சிரிக்காமல் கேளுங்கள், கைப்பிடியில் உள்ள சிவப்பு சுவிட்சைப் பாருங்கள். இன்ஜினை உடனே நிறுத்துவதற்காக ஏ.டி.வி.யிலும் பல மோட்டார்களிலும் அது இருக்கும். துணி போர்த்தும்போது கை பட்டிருக்கலாம், தம்பி ஏறி விளையாடியிருக்கலாம். அடுத்து கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பக்கத் தாங்கி மடக்கப்பட்டிருக்கிறதா, பெட்ரோல் குழாயின் திருகு திறந்திருக்கிறதா, ஃபியூஸ் எரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அங்கே மெக்கானிக் ஒரு விரலால் சுவிட்சைத் தட்டிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பதைவிட இது மேல்.

‘டக் டக்’ சத்தத்தின் பொருள்

ஈய அமில பேட்டரியை பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கினார். இன்றும் மோட்டார்களில் பெரும்பாலும் அதே வேதியியல்தான். உள்ளே ஆறு கலங்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால் நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். மல்ட்டிமீட்டரில் 12.2 என்று வந்தால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. “12 வோல்ட் பேட்டரியில் 12 காட்டுகிறதே, நல்லாத்தானே இருக்கு” என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

யாரும் பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரி தன்னைத்தானே மெல்லத் தீர்த்துக்கொள்ளும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் நிற்கும் வண்டியைவிட நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டி சீக்கிரம் பேட்டரியை இழப்பது அதனால்தான். அலாரம் பொருத்திய வண்டி என்றால் அது இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பேட்டரி தீரும்போது உள்ளே உள்ள ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். அப்புறம் மின்னேற்றினாலும் முழுதாகக் கரையாது. பேட்டரியின் அகத் தடை கூடிவிடுகிறது.

அகத் தடை என்றால் என்ன என்று ஐந்தாம் படிவ இயற்பியலில் படிப்பீர்கள். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பேட்டரியின் அகத் தடை 0.03 ஓம் என்றால் உள்ளேயே இழக்கும் அழுத்தம் 1.5 வோல்ட்தான். 12.4-இல் அது போக 10.9 மிச்சம். இன்ஜின் சுழலும். சல்பேட் இறுகிய பேட்டரியின் தடை 0.1 ஓம் என்றால் 5 வோல்ட் உள்ளேயே போய்விடும். மிச்சம் 7.4. இரண்டு பேட்டரிகளும் சும்மா இருக்கும்போது மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டும். அதனால்தான் மெக்கானிக் பொத்தானை அழுத்திக்கொண்டே மீட்டரைப் பார்க்கிறார்.

‘டக் டக் டக்’ என்ற சத்தமும் இதனால்தான். பொத்தானை அழுத்தியதும் ரிலே என்ற சிறிய மின்காந்தச் சுவிட்ச் இழுத்துப் பிடிக்கிறது. அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஆனால் அது மூடியவுடன் ஸ்டார்ட்டர் பெரும் மின்சாரத்தை இழுக்கிறது, அழுத்தம் சரிகிறது, மின்காந்தம் வலுவிழந்து விட்டுவிடுகிறது. விட்டதும் அழுத்தம் மறுபடி ஏறுகிறது, ரிலே மறுபடி பிடிக்கிறது. நொடிக்குப் பலமுறை இது நடப்பதைத்தான் காதில் கேட்கிறோம். இந்தச் சத்தம் வந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளை, பச்சைப் பூப்பு படிந்திருந்தாலும் இதே சத்தம் வரும். பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்ததிலேயே வண்டி கிளம்பிய வீடுகள் உண்டு. அந்தப் பூப்பில் அமிலம் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முகத்தருகே ஊதாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றுவதாக இருந்தால் பெரியவர் ஒருவர் உடனிருக்க, முதலில் கறுப்புக் கம்பியை (எதிர் முனை) கழற்ற வேண்டும். வண்டியின் உலோகச் சட்டம் முழுவதும் எதிர் முனையோடு இணைந்திருக்கிறது. சிவப்புப் பக்கத்தை முதலில் தொட்டால் ஸ்பேனர் நழுவிச் சட்டத்தில் பட்டதும் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். மின்னேற்றும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் வெறும் 4 விழுக்காடு கலந்திருந்தாலே அது பற்றக்கூடியது. ஆகவே காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சிகரெட்டும் அருகில் இல்லாமல் மின்னேற்றுங்கள்.

பழைய கப்சாய்களில் ஒரு வசதி இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு பிளக் பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜினோடு சுழலும் காந்தச் சக்கரமே அதைத் தருகிறது. பேட்டரி செத்திருந்தாலும் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்யலாம். புதிய வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப்பும் கணினிப் பெட்டியும் பேட்டரியை நம்பியே இருக்கின்றன. அங்கே உதைத்துப் பயனில்லை. சாவியைத் திருகியதும் டேங்க் பக்கமிருந்து ஓரிரு நொடி ‘ஊய்ங்’ என்று கேட்கிறதா என்று காது கொடுங்கள். கேட்கவில்லை என்றால் பம்ப் ஓடவில்லை.

தலைமுடி அளவுத் துளை

இன்ஜின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை. கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் என் முதல் சந்தேகம் எப்போதும் பெட்ரோல்மீதுதான். ஏ.டி.வி.களிலும் இதுவே மிகச் சாதாரணமான நோய்.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. சில 30, 40 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். சில 200 பாகைவரை தாங்கும். குளிர்ந்த இன்ஜினில் முதல் பொறியில் பற்றுவது அந்த இலகுவான பகுதிதான். கார்புரேட்டரின் அடியில் மிதவைக் கிண்ணம் என்று ஒன்று உண்டு. அதில் சில தேக்கரண்டி பெட்ரோல் தேங்கி நிற்கும். அந்தக் கிண்ணம் காற்றோடு தொடர்புள்ளது. ஆகவே இலகுவான பகுதி அங்கிருந்து முதலில் பறந்துவிடுகிறது. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கலாம், ஆனால் இன்ஜின் முதலில் குடிக்கப்போவது கிண்ணத்தில் மிஞ்சிய அந்தக் கனத்த, எளிதில் பற்றாத பெட்ரோலை.

அத்தோடு முடியவில்லை. மிச்சமுள்ள மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாக மாறுகின்றன. நிறம் பழுப்பாகும். மணம் பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்தது போலிருக்கும். இந்தப் பிசின் போய் அடைப்பது மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் சிறிய பித்தளைத் துளையை. சிறிய மோட்டார்களில் அதன் விட்டம் 0.35, 0.4 மில்லிமீட்டர்தான் இருக்கும். நான்கைந்து தலைமுடிகளைச் சேர்த்துப் பிடித்தால் வரும் தடிமன். ‘சோக்’ இழுத்தால் மட்டும் ஓடி, விட்டவுடன் அணைந்துவிடும் வண்டியில் பெரும்பாலும் இந்தத் துளைதான் அடைந்திருக்கும். சோக் காற்றைக் குறைக்கிறது, அதனால் மற்ற வழிகளிலிருந்து பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. அது இல்லாவிட்டால் இன்ஜினுக்குப் பட்டினி.

அடைப்பை எடுக்கக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையான உலோகம். 0.35 மி.மீ. துளை 0.40 ஆகிவிட்டால் என்ன என்று தோன்றும். பரப்பளவு விட்டத்தின் இருபடியைப் பொறுத்தது அல்லவா? 0.40-ஐ 0.35-ஆல் வகுத்து இருபடி எடுங்கள். 1.3 வரும். அதாவது துளையின் பரப்பளவு 30 விழுக்காடு கூடிவிடுகிறது. அன்றிலிருந்து வண்டி கரும்புகை விடும், பெட்ரோலையும் விழுங்கும். கார்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதுவதே சரியான முறை.

கழற்றுவதற்கு முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்திச் சிறிய கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால் பெட்ரோல் கிண்ணத்துக்கே வந்து சேரவில்லை. வந்தது அடியில் தெளிவாகத் தனிப் படலமாகப் பிரிந்து நின்றால் அது தண்ணீர். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. பழுப்பு நிறத்தில், புளித்த நாற்றத்தோடு இருந்தால் கிண்ணத்தையும் டேங்க்கையும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். இந்த ஒன்றிலேயே கிளம்பிவிடும் வண்டிகள் ஏராளம்.

பெட்ரோலைத் தொடும் எந்த வேலையையும் அப்பாவோ மாமாவோ செய்யும்போது கூட நின்று பாருங்கள், தனியாகச் செய்யாதீர்கள். இதை நான் சடங்குக்காகச் சொல்லவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். சில மீட்டர் தள்ளி வாசலில் ஏற்றி வைத்த அகல்விளக்கோ சாம்பிராணித் தணலோ போதும், தீ ஆவியின் வழியாகவே திரும்பி வரும். வடித்த பழைய பெட்ரோலைக் கால்வாயில் கொட்டக்கூடாது. மூடியுள்ள கேனில் ஊற்றிப் பட்டறையில் கொடுங்கள்.

இணையக் காணொளிகளைப் பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பெட்ரோலோடு எத்தனால் கலந்து விற்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். அவர்கள் அதைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். காணொளி எந்த நாட்டுப் பெட்ரோலைப் பற்றியது என்பதையும் கவனியுங்கள்.

பிளக் சொல்லும் சாட்சி

பெட்ரோலா, பொறியா என்று குழப்பமாக இருந்தால் பிளக்கைக் கேட்கலாம். ஐந்தாறு முறை உதைத்துப் பார்த்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை. முற்றிலும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவே இல்லை. ஒரு சின்ன பாகம், ஆனால் எந்தப் பக்கம் தேடவேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

நனைந்த பிளக்கைத் துடைத்து, காயவைத்து, கரி படிந்திருந்தால் சுத்தம் செய்து மாட்டினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். இடைவெளியையும் பாருங்கள். பல கப்சாய்களுக்கு அது 0.6 முதல் 0.7 மி.மீ. வரை. உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

பிளக்கை வெளியே எடுத்து இன்ஜின்மேல் வைத்துப் பொறி வருகிறதா என்று மெக்கானிக்குகள் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பிளக்குக்கு வருவது 10,000 வோல்ட்டுக்கும் மேல். பக்கத்திலேயே பெட்ரோல் ஆவி கக்கும் திறந்த துளை. இன்னொரு காரணமும் உண்டு: திறந்த வெளியில் பொறி வந்தால் உள்ளேயும் வரும் என்று உறுதியில்லை. அமுக்கப்பட்ட காற்றைத் தாண்டிப் பாய்வதற்குப் பொறிக்கு இன்னும் அதிக வோல்ட் தேவை. வெளியே நீலமாகத் துள்ளும் பலவீனமான சுருள் உள்ளே போனதும் ஓய்ந்துவிடும்.

காற்றுப் பக்கம் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. இருந்தால் விருந்தாளியால்தான் இருக்கும். குளவி சைலன்சர் வாயில் மண் கூடு கட்டியிருக்கும். எலி காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் பஞ்சைக் கிழித்துப் படுக்கை போட்டிருக்கும், கம்பிகளையும் கடித்திருக்கும். செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்திய ஏ.டி.வி. என்றால் பெட்டியைத் திறக்கும்போது கையை நேராக உள்ளே விடாதீர்கள். பாம்பும் இருக்கலாம்.

உதைக்கும்போது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கால் சும்மா இறங்கினால் அமுக்கம் போய்விட்டது. வால்வு துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம். அது பட்டறை வேலை.

வெள்ளத்தில் நனைந்த வண்டி

இதுவரை சொன்ன எதுவும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குப் பொருந்தாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை நினைவிருக்கலாம். தண்ணீர் வடிந்ததும் வண்டி ஓடுமா என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஒரு முயற்சிதான் இன்ஜினைக் கொல்லும்.

100 சி.சி. இன்ஜின், அமுக்க விகிதம் 9-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 100-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 12.5 மில்லிலிட்டர். ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. காற்றை அந்த இடத்துக்குள் அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. அதற்குமேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் முட்டி நிற்கும், அல்லது பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். ஆகவே சாவியைத் தொடாமல் பட்டறைக்கு அனுப்புங்கள். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிய பிறகுதான் சுழற்ற வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

கிளம்பிய பிறகும், கிளம்பும் முன்பும்

வண்டி ஓடத் தொடங்கியதும் வாசலுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். மூடிய இடத்தில் கூடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். டயர்க் காற்று, பிரேக், சாலை வரி ஆகியவற்றைப் பார்க்காமல் யாரும் சாலையில் இறக்கவும் கூடாது. உரிமம் இல்லாத நீங்கள் ‘சும்மா ஒரு சுற்று’ என்று கேட்கவும் கூடாது.

அடுத்த முறை நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். நல்லது செய்வதாக நினைத்துப் பலர் செய்யும் கெடுதல் இது. ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரத்தை இரண்டு நிமிட மெதுவோட்டம் திருப்பித் தராது. தவிர, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. சூடேறிய இன்ஜினில் அது வெளியே போய்விடும். சூடேறாத இன்ஜினில் சைலன்சரிலும் எண்ணெயிலும் படிந்து துருவாகும்.

அதற்குப் பதில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும், பிசின் படிய எதுவும் இருக்காது. இரும்பு டேங்க் என்றால் நிரப்பி வையுங்கள், உள்ளே ஈரக் காற்றுக்கு இடமில்லாமல். பேட்டரியை முழுதாக மின்னேற்றி, கறுப்புக் கம்பியைக் கழற்றி, மாதம் ஒருமுறை மின்னேற்றினால் போதும். குளவி வராமல் சைலன்சர் வாயைத் துணியால் அடைப்பதானால், அடைத்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, நிறுத்திய தேதியையும் போட்டு, சாவியில் கட்டி விடுங்கள்.